அன்சக்ஸஸ்ஃபுல் என்றால்

ஆஸ்பத்திரி லாண்டரியில் அவளுக்கு லெட்டரக்கா என்று பெயர். சம்பளம் என்னவோ துணி மடிப்பதற்குத்தான். நாளொன்றுக்கு எழுநூறு படுக்கை விரிப்பு, அதில் பாதி அளவுக்குத் தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி தனி. ஆனால் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் டப்பாவைத் திறந்துவிட்டால் அவள் வேறு ஆள். ஊரை விட்டு அங்கே வேலைக்கு வந்திருந்த நாற்பது பேருக்கும் தமிழ் மட்டுந்தான் ஓடும். ஆபீசிலிருந்து வருகிற கடிதங்களோ ஒன்று பாக்கியில்லாமல் இங்கிலீஷில் வரும். லீவு கிடையாது என்றாலும் இங்கிலீஷ், புது பூட்ஸ் வந்திருக்கிறது என்றாலும் இங்கிலீஷ், கக்கூஸ் குழாய் ரிப்பேர் என்றாலும் இங்கிலீஷ். படிக்கத் தெரியாது என்று தெரிந்தே எழுதுகிறார்களே, என்ன கொழுப்பு பாருங்கள். லெட்டரக்கா மட்டும் பன்னிரண்டாவது வரை இங்கிலீஷில் படித்தவள்.

கடிதத்தைக் கொடுத்தால் முதலில் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள். வாயைத் திறக்காமல் ஒரு தடவை படிப்பாள். அப்புறம் நாலாக மடித்து உரியவர் கையில் வைத்துவிட்டுத்தான் பேச்சு. அதுவரைக்கும் பக்கத்தில் இருக்கிறவர்கள் மெல்லுவதைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

இப்படி எத்தனையோ கடிதம் படித்ததில் அவளுக்கு ரொம்பப் பழகிப்போன சொல் ஒன்று உண்டு. அன்சக்ஸஸ்ஃபுல். வாஷிங் மெஷினுக்குத் தூள் அளந்து போடுகிறவன் ஒருத்தன், எல்லோரும் அவனைச் சோப்பு என்றே கூப்பிடுவார்கள், அவனுக்குத்தான் அந்தச் சொல் முதலில் வந்தது. டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான்.

"ஃபெயிலா அக்கா?" என்று நேராகக் கேட்டான்.

"ஃபெயில் இல்லடா. ஃபெயில்னா நீ தோத்துட்டேன்னு அர்த்தம். இது அன்சக்ஸஸ்ஃபுல். உன் விண்ணப்பத்துக்குத்தான் இந்தத் தடவை அமையல. உனக்கு ஒரு குறையும் இல்ல."

"அப்ப விண்ணப்பம் வேற, நான் வேறயா?"

"ஆமா."

"அப்ப அதையே நாளைக்கு வேலைக்கு அனுப்பிட்டு நான் வீட்ல படுத்துக்கறேன்க்கா."

சிரிப்பில் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து லாண்டரியில் 'அமையல' என்பது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. பஸ் தப்பினால் பஸ் அமையல. பல் பிடுங்கப் போய் டாக்டர் இல்லாவிட்டால் பல்லு அமையல. ஆனால் கடிதம் கையில் இருக்கும்போது மட்டும் யாரும் அதை வைத்து விளையாடுவதில்லை. கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற வீட்டில் சொல்கிற சொல் அல்லவா, அடுத்தது அமையும் என்கிற ஒரு நப்பாசை அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். லெட்டரக்கா அதைத் தெரிந்தேதான் சொன்னாள். யாரையும் மூஞ்சிக்கு நேரே அடிக்க அவளுக்கு மனசு வராது.

அவளுக்கே அந்தச் சொல் நான்கு முறை வந்திருக்கிறது. துணிக் கிடங்கில் கணக்கெழுதும் வேலைக்கு வருஷா வருஷம் எழுதிப் போட்டாள். நாற்காலி, மேஜை, மின்விசிறி உள்ள வேலை. நான்கு தடவையும் அன்சக்ஸஸ்ஃபுல். முதல் தடவை கடைசி எழுத்து வரை படித்தாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கும்? உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்து, யாருக்கு வேணும்? அதற்குப் பிறகு அவள் அந்தச் சொல் வரைக்கும்தான் படிப்பாள். வந்ததும் மடித்துவிடுவாள். தன்னுடையதானாலும் அடுத்தவருடையதானாலும் அப்படித்தான்.

ரோலருக்கு வந்த கடிதத்திலும் அதைத்தான் செய்தாள்.

ரோலர் என்றால் மெஷின் இல்லை, ஆள். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுக்கிற வேலை அவனுக்கு. அந்தப் பக்கம் அவன் கொடுப்பான், இந்தப் பக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதைப் பிடித்து இவள் மடிப்பாள். ஏழு வருஷமாக ஒரே விரிப்பின் இரண்டு முனையில் நின்றவர்கள். அவள் அவனைத் தம்பி என்பாள், அவன் அக்கா என்பான், வாய்க்கு வந்த உறவு மெதுவாக மனசுக்கும் வந்துவிட்டது. அவனுக்குக் காய்ச்சல் என்றால் இவள் டப்பாவில் கஞ்சி இருக்கும்.

பெண்டாட்டியும் மகளும் ஊரில் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இருபது நாள் லீவில் போய்ப் பார்த்துவிட்டு வருவான். மகளுக்குப் பத்து வயதில் கிளம்பி வந்தவன். ஒவ்வொரு தடவை போகும்போதும் அவள் ஒரு சாண் வளர்ந்திருப்பாள். ஏழு வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குடும்ப வீடு கொடுப்பார்கள், இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. பதினெட்டு முடியாத பிள்ளைகளைத்தான் கூட வைத்துக்கொள்ளலாம் என்று விதி. மகளுக்குப் பதினெட்டு முடிய மூன்று மாதம் இருந்தது. அடுத்த விண்ணப்பமோ அடுத்த வருஷம்தான். ஆகவே இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். பெண்டாட்டி வரலாம், மகள் வர முடியாது.

அது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்த அறை மகளுக்கு என்றுகூடத் தெரியும். ஜன்னல் உள்ள அறை.

கடிதம் வந்த வியாழக்கிழமை அவன் சாப்பிடக்கூட உட்காரவில்லை. ஒரு கையில் கடிதம், ஒரு கையில் போன். போனில் மகள்.

"அக்கா, பாப்பா லைன்ல இருக்கா. என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க, அவளும் கேக்கட்டும்."

ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினான். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசில் சத்தமும், "அம்மா, அடுப்ப அணைம்மா, ஒண்ணும் கேக்கல" என்ற ஒரு பெண்ணின் குரலும் கேட்டன. லெட்டரக்கா கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் பிரித்தாள். மூன்றாவது வரியிலேயே அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. நிமிர்ந்தால் அவன் முகம். நாற்பத்தைந்து வயசு ஆம்பளை, பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பிள்ளை மாதிரி நிற்கிறான். போனில் அந்தப் பெண் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்டது.

'அமையல' என்று சொல்லியிருக்கலாம். அதுகூட வாயில் வரவில்லை.

"பாத்துக்கிட்டு இருக்காங்களாம் தம்பி. இன்னும் முடிவாகல."

"அப்ப இல்லன்னு சொல்லலதானே?"

"இல்லன்னு எங்க போட்டிருக்கு? பொறுமையா இருக்கணும்னு போட்டிருக்கு."

"பாப்பா, கேட்டியா? இல்லன்னு சொல்லல!" என்று அவன் கத்தினான். அந்தப் பக்கம் தாயும் மகளும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். லெட்டரக்கா கடிதத்தை நாலாக மடித்து அவன் சட்டைப் பையில் தானே சொருகிவிட்டாள். அவள் டப்பாவில் இருந்தது அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை அவன் ஒரு நீலத் திரைச்சீலையைக் காட்டினான், ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டியது, கிழிசல் இல்லாத இடமாக வெட்டி ஜன்னலுக்குத் தைக்கலாமாம். புதன்கிழமை சொல்லலாம் என்றால் புதன்கிழமை அவனுக்குப் பல்வலி. கெட்ட சேதி நாலு நாள் பிந்தினால் யாருக்கு என்ன நஷ்டம், இல்லை என்றது இல்லைதானே, அதுவரைக்கும் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தில் உப்பும் இல்லை சப்பும் இல்லை என்று அவளுக்கே தெரியும். இப்படியே இரண்டரை வாரம் ஓடிவிட்டது.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸ் மேடம் லாண்டரிக்கு வந்தாள். நர்ஸ்களின் கோட்டு எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று பார்க்க வந்தவள். போகிற போக்கில் லெட்டரக்காவின் மேஜையருகே நின்றாள். இங்கிலீஷில் பதில் சொல்கிற ஒரே ஆள் என்பதால் எப்போதும் இவளிடம்தான் பேசுவாள்.

ரோலர் மெஷின் ஆள் ஏன் ஆபீசுக்கு வரவேயில்லை என்று கேட்டாள் மேடம். வீட்டு விஷயமாக.

எங்கே வரவில்லை என்றாள் இவள்.

பதினான்கு நாள் அவகாசம் கொடுத்திருந்தோமே என்றாள் மேடம். அவருடைய விண்ணப்பப் படிவத்தில் செக்‌ஷன் தலைவரின் சீல் மட்டும்தான் இல்லை. இல்லாமல் ஏற்க முடியாது, சீல் வைத்துக் கொண்டுவந்தால் போதும், வீட்டை அவருக்காக வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தோம். நாங்களும் நாலு நாள் கூடுதலாகவே காத்திருந்தோம். நேற்றுத்தான் சமையற்கூடத்து ஆள் ஒருவருக்குக் கொடுத்தோம். வேண்டாம் என்று நினைத்துவிட்டார் போல.

எங்கே எழுதியிருந்தீர்கள் என்று கேட்டாள் லெட்டரக்கா.

கடிதத்தின் பின்பக்கத்தில், என்றாள் மேடம். பக்கத்தைத் திருப்பவும் என்று அடியில் போட்டிருந்ததே.

வீட்டைத் திருப்பி வாங்க முடியுமா, தப்பு என்னுடையது, நான்தான் படித்தேன், வேண்டுமானால் என்னை வேலையிலிருந்து நிறுத்துங்கள் என்று இவள் கூடம் முழுக்க மேடத்தின் பின்னாலேயே போனாள். மேடம் கெட்டவள் இல்லை. நின்று கேட்டாள், உதட்டைப் பிதுக்கினாள், சாவி கொடுத்தாகிவிட்டது, அந்த ஆள் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் நேற்று சாயங்காலமே குடிவந்துவிட்டார் என்றாள். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

செக்‌ஷன் தலைவரின் கண்ணாடி அறை லெட்டரக்கா நின்ற இடத்திலிருந்து இருபது அடி. சீல் அவர் மேஜைமேல், மைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

சாப்பாட்டு மணிவரை தள்ளிப்போட நினைத்தாள். பிறகு, தள்ளிப்போட்டதுதானே இந்தக் கதியில் கொண்டுவந்து விட்டது என்று தோன்றியது. மெஷினைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கம் போனாள். ஏழு வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் போனது குறைவு. அங்கே சூடு இன்னும் ஜாஸ்தி.

"தம்பி, மெஷின நிறுத்து."

"என்னக்கா? இதோ, இது போயிடட்டும்."

பாதி உள்ளே போன விரிப்பை நிறுத்தினால் கருகிவிடும். அவன் அதை முழுசாக உள்ளே விட்டுவிட்டுத்தான் சிவப்புப் பித்தானை அமுக்கினான். அவள் பக்கம் பிடிக்க ஆளில்லாமல் அது தரையில் போய்க் குவிந்தது.

அவள் சொன்னாள். மென்று முழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு இல்லை என்றுதான் எழுதியிருந்தது, நான் பொய் சொன்னேன், பின்னால் ஒரு பக்கம் இருந்திருக்கிறது, அதை நான் திருப்பவே இல்லை, சீல் வைத்தால் போதுமாம், நாள் போய்விட்டது, வீடும் போய்விட்டது.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். அவன் கையுறையை ஒரு விரலாகக் கழற்றினான்.

"அந்த வார்த்தை என்னக்கா? அவங்க போட்டிருந்தது."

"அன்சக்ஸஸ்ஃபுல்."

"அதுக்கு நேரா என்ன அர்த்தம்? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"கிடைக்காது."

"கிடைக்காதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் ஆபீசுக்கு ஓடியிருப்பேன்க்கா. ஏன் கிடைக்காதுன்னு கேட்டிருப்பேன். வாசல்ல படுத்திருப்பேன். யோவ், சீல்தான்யா இல்லன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. நீங்க பொறுமையா இருன்னு சொன்னீங்க. நான் பொறுமையா இருந்தேன்."

பின்பக்கத்தைத் திருப்பாததுதான் தன் குற்றம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரியது இது என்று அப்போதுதான் உறைத்தது. மனசு நோகக்கூடாது என்று தான் மழுப்பிச் சொன்ன ஒவ்வொரு 'அமையல'வும் யார் யாரை எந்தெந்த வாசலுக்குப் போகவிடாமல் நிறுத்தியதோ. சோப்பு அந்த டிரைவர் வேலைக்கு மறுபடி எழுதவேயில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. அவன் தன் லாக்கரிலிருந்து கடிதத்தை எடுத்துவந்தான். நாலாக மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. போனில் மகளைக் கூப்பிட்டான். லெட்டரக்கா எழுந்து போகப் பார்த்தாள். இருங்க என்று கையைக் காட்டினான். அவன் ஸ்பீக்கரில்தான் பேசுவான், ஒரு காது மெஷின் சத்தத்தில் மந்தமாகிவிட்டது.

"பாப்பா, வீடு கிடைக்காதும்மா."

"என்னப்பா? பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னீங்க?"

"இல்ல. கிடைக்காது."

"லெட்டர ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. நான் படிக்கிறேன். ரெண்டு பக்கமும்."

அனுப்பினான். அந்தப் பெண் ஊரில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறவள். முதல் நாளே அவளுக்கு அனுப்பியிருந்தால் அவளே படித்திருப்பாள். அக்கா இருக்கும்போது எதற்கு என்றுதான் அனுப்பவில்லை. லெட்டரக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய சத்தத்தோடு யாரோ டப்பாவை மூடினார்கள்.

"அப்பா." குரல் மாறியிருந்தது. "இதுல பின்னால தெளிவா போட்டிருக்கே. சீல் மட்டும் வெச்சா போதும்னு. பதினாலு நாளுக்குள்ளன்னு. இத யாரு படிச்சு சொன்னது உங்களுக்கு?"

லெட்டரக்கா போனை நோக்கிக் கையை நீட்டினாள். நான்தாம்மா என்று சொல்ல உதடு பிரிந்தது. அவன் போனை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"யாரும் படிக்கலம்மா. வேலை ஜாஸ்தி. பையில வெச்சு மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப பொறுமையா இருக்கச் சொன்னாங்கன்னு ஒரு அக்கா சொன்னாங்களே?"

"அது வேற லெட்டர்."

அந்தப் பெண் அழாமல், நிதானமாகக் கேட்டாள்.

"உங்களுக்கு நாங்க வரணும்னு ஆசையே இல்லையாப்பா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

லெட்டரக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்டா இப்படிச் சொன்ன? என்னைச் சொல்ல வேண்டியதுதானே? திரும்பக் கூப்பிடு, நான் சொல்றேன்."

"வேண்டாம். அவ என்மேல கோவப்படட்டும், அத நான் தாங்குவேன். அப்பனுக்கு ஒரு லெட்டர் படிக்கத் துப்பில்லாம, நாலு பேரு சொல்றத நம்பி இங்க ஏமாந்து கெடக்கறான்னு தெரிஞ்சா பரிதாபப்படுவா. அது என்னால முடியாது." கையுறையை மாட்டிக்கொண்டான். "உங்களுக்காகச் சொல்லலக்கா. அத நெனச்சுக்காதீங்க."

வேலை மணி அடித்தது, போனை அவள் மேஜைமேலேயே வைத்துவிட்டு மெஷினுக்குப் போனான். அது எப்போதும் அங்கேதான் இருக்கும், அவன் பக்கம் சூட்டுக்கு ஆகாது. உருளை சுற்ற ஆரம்பித்தது. முதல் விரிப்பு வெளியே வந்தது, அவள் இரண்டு முனையையும் பிடித்தாள்.

அப்போது போன் அடித்தது. 'பாப்பா' என்று திரையில் எழுதியிருந்தது. லெட்டரக்கா நிமிர்ந்தாள். நீராவிக்கு அந்தப் பக்கம் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். எடுத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தப் பெண் தன் அப்பாவைத் திரும்பப் பெற்றுவிடுவாள். லெட்டரக்கா எடுக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டதற்காக எடுக்கவில்லையா, இந்தத் தடவையும் சொல்லத் தைரியமில்லாமல் எடுக்கவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அது கடைசிவரை அடித்து நின்றது. அடுத்த விரிப்பு வந்துகொண்டிருந்தது.